துளசி மாடத்துக்குக் கீழே

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் காமு சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். துளசி மாடத்தின் முன்னால் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். முப்பது வருஷமாகத் தினம் மூன்று சுற்று சுற்றிய கால், இன்றைக்கு ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்றது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவிப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் கமலா நகர். அதன் மூலை வீடு காமுவினுடையது. மூலையை ஒட்டி ஓடும் சாக்கடைக் கால்வாயைத் தாண்டினால் ஏரிக்கரைத் தெரு. இரண்டுக்கும் குடிநீர்க் குழாய் ஒன்றுதான். நகரைக் கடந்துதான் தெருவுக்குப் போகிறது. மூன்று வாரமாக ஏரிக்கரைத் தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். புதன்கிழமை, சர்ச்சில் மணி அடிக்கும் பெரியவர் ஏசுபாதம் இறந்துபோனார். வியாழக்கிழமை, காமு வீட்டில் வேலை செய்யும் தனத்தின் மகள் ரேஷ்மாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எட்டு வயதுக் குழந்தை. அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

கமலா நகரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அங்கே எல்லார் வீட்டிலும் ஃபில்டர்.

காமுவின் மகள் சுப்ரஜா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறாள். கல்யாணமாகி அங்கேயே குடித்தனம். செய்தி கேட்டு நேற்று வந்தவள், சாப்பிடும்போது சொன்னாள்.

"வியாதி சும்மா ஊர் சுத்தாதும்மா. எதையாவது பிடிச்சுண்டுதான் வரும். எதைன்னு அந்தத் தெருக்காராளே கண்டுபிடிக்கப் போறா. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு சர்ச் ஹால்ல எல்லாரும் சேர்ந்து மேப் போடறோம். நீயும் வா."

காமு தலையை ஆட்டினாள். அப்போது ஆரம்பித்த பயம் இன்னும் போகவில்லை. ஏனென்றால் மகளுக்குத் தெரியாத ஒன்று அம்மாவுக்குத் தெரியும்.

துளசி மாடத்தின் பின்பக்கம், கீழே, ஒரு சின்ன இரும்புக் கதவு. அதற்குள் ஒரு மோட்டார். தெருக் குழாயில் நேராகப் பொருத்தி, வருகிற தண்ணீரை உறிஞ்சி வீட்டுத் தொட்டிக்குள் தள்ளுகிற மோட்டார். சட்டப்படி வைக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாகச் சோதனை போட்டு, இப்படிப்பட்ட மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

"துளசி மாடத்துக்குக் கீழே வெச்சா எவன் வந்து கை வைப்பான்?" என்று அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னவள் காமுதான். கணவர் அனந்தகிருஷ்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தே நாளில் கொத்தனார் வந்து, பழைய மாடத்தை இடித்து, உள்ளே பொந்து வைத்துப் புதிதாகக் கட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் வந்த சோதனைக்காரர்கள், செருப்பைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

தண்ணீர் விடுகிற நாளில் சாயங்காலம் மாடத்தருகே வாசல் பெருக்கும்போது காலுக்கடியில் மெல்ல அதிரும். காமு அதை உணர்ந்து சிரித்துக்கொண்டதுகூட உண்டு.

போன மாசம் ஒன்பதாம் தேதி பழைய மோட்டார் போய், புதிது வந்தது. மூன்று மடங்கு பெரிசு. "ரெண்டு பேருக்கு எதுக்குன்னா இவ்ளோ பெரிசு?" என்று கேட்டாள். கடையில் அதுதான் இருந்தது என்றார். பதினொன்றாம் தேதி ஏரிக்கரைத் தெருவில் முதல் ஆள் படுத்தார். காமு முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். யாரும் கேட்காமலேயே இந்தக் கழித்தலை அவள் மனசு போட்டுவிட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். இன்றைக்குத் தண்ணீர் நாள்.

*

எட்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. தனம்.

வேலைக்கு வரவில்லை. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், கையில் ஒரு பிளாஸ்டிக் கேனோடு நின்றாள். இரண்டு நாளில் முகம் பாதியாகிவிட்டிருந்தது.

"மாமி, உங்க வூட்டு பில்டர் தண்ணி இந்தக் கேன் நெறைய குடு மாமி. எங்க தெரு தண்ணியப் பாத்தாலே பயமா கீது."

"குழந்தை எப்படி இருக்கா?"

"நாலாவது பாட்டில் ஏறிக்கினு கீது. கண்ணு உள்ள போய்ட்டுது மாமி. நேத்து சாயங்காலத்துலேந்து ஒண்ணுக்கே போவல. போனாத்தான் சொல்ல முடியும்னு டாக்டரு சொல்ட்டாரு. அம்மா, அம்மான்னு கூப்ட்டுக்கினே இருந்தா, இப்ப அதும் இல்ல."

காமு கேனைக் குழாயில் பிடித்தாள். தண்ணீர் கையில் சிந்தியது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"தனம்..."

"சொல்லு மாமி."

"அவரை வேணும்னா ஆஸ்பத்திரி வரைக்கும் கார்ல விடச் சொல்லட்டுமா?"

"வாணாம் மாமி, ஷேர் ஆட்டோ வெளிய நிக்குது." தனம் கேனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "உங்க வூட்டுத் தண்ணி குடிச்சா என் கொயந்திக்கு ஒண்ணும் ஆவாது. அந்த தைரியத்துலதான் வந்தேன்."

அவள் போனதும் காமு காபி கலக்கப் போனாள்.

*

அனந்தகிருஷ்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நகர் நலச் சங்கத்தின் செயலாளர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் முதல் போன் அவருடையதுதான்.

காமு காபியோடு போனபோது கம்ப்யூட்டரில் மனு அடித்துக்கொண்டிருந்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். 'ஏரிக்கரைத் தெருவாசிகளின் சுகாதாரப் பழக்கமின்மை காரணமாக...'

"இது என்னன்னா?"

"அசோசியேஷன் மனு. கால்வாய்ல குப்பையைக் கொட்டறா, வியாதி வரது. எழுத வேண்டாமா?"

"இன்னிக்கு ஒரு நாள் மோட்டார் ஓட வேண்டாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தனம் ஏதாவது சொன்னாளா?"

"அவளுக்கு என்ன தெரியும்?"

"பின்னே ஏன் கேக்கறே?"

"ஒன்பதாம் தேதி நம்ம மோட்டார் வந்தது. பதினொண்ணாம் தேதி அங்க முதல் ஆள் படுத்தாச்சு."

"கமலா நகர்ல பதினாலு வீட்ல மோட்டார் இருக்கு காமு. நான் ஒருத்தன் நிறுத்தினா மத்த பதிமூணு பேரும் கூடக் கொஞ்சம் இழுத்துப்பா. ஏரிக்கரைத் தெருவுக்கு ஒரு சொட்டு அதிகமாப் போகாது. உனக்கே தெரியும்."

இது பொய் இல்லை. அதனால்தான் இரண்டு வருஷமாக ஒருவரும் நிறுத்தவில்லை.

"ஏசுபாதம் போயிட்டார்னா."

"மெதுவாப் பேசு!" அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து மனையில் ஐந்து மாடி அபார்ட்மெண்ட் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ஓடும் கான்கிரீட் கலவை மெஷினின் கரகர சத்தம் பாதியாகக் குறைந்தது. "இது வெளியில போனா என்ன ஆகும்னு யோசிச்சியா? உயிர் போயிருக்கு. போலீஸ் வரும். இந்த வயசுல என்னை ஸ்டேஷன்ல உக்கார வைப்பா. சுப்ரஜா காலேஜ்ல தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

சாத்திய ஜன்னலின் கொக்கியைத் திரும்ப ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவரும் பயந்துதான் போயிருந்தார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

"துளசிக்குக் கீழே வெக்கலாம்னு சொன்னது யாரு காமு?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தணிந்த குரலில், ஏதோ மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"டைமர் போட்டிருக்கேன். நாலு மணிக்கு அதுவா ஓடும், அதுவா நிக்கும். கதவுச் சாவி என்கிட்ட இருக்கு. நீ அந்தப் பக்கமே போகாதே. சுப்ரஜாவோட ஹாலுக்குப் போ, போகலைன்னா சந்தேகப்படுவா. ஆனா அங்க வாயைத் திறக்காதே. நான் வீட்லதான் இருப்பேன்."

*

சர்ச் ஹாலில் நாற்காலிகளையெல்லாம் ஓரம் கட்டியிருந்தார்கள். சிமெண்ட் தரையைச் சுற்றி முப்பது பெண்கள். நடுவில் ஒரு டப்பா கோலப்பொடி, ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை.

"நான் எதுவும் சொல்லப் போறதில்லை," என்றாள் சுப்ரஜா. "உங்க தெரு எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே போடுங்க. அப்புறம் வீட்டுல யார் யாருக்கு உடம்புக்கு வந்ததோ, ஒரு ஆளுக்கு ஒரு கொட்டை உங்க வீட்டு மேல வையுங்க."

கோலப்பொடியை எடுத்தவள் ரோஸி. ஏசுபாதத்தின் மருமகள். மாமனாரை அடக்கம் பண்ணி மூன்றாவது நாள். நீ ஏன் வந்தாய் என்று யாரோ கேட்டதற்கு, "வூட்ல குந்திக்கினு அயுறத்துக்கு இது தேவல," என்றாள்.

மார்கழியில் தெருவடைத்துப் போடும் கை. இரண்டு நிமிஷத்தில் கமலா நகர், மூலை, ஏரிக்கரைத் தெரு, கால்வாய் எல்லாம் தரையில் வந்துவிட்டன.

"அடியே, என் வூட்ட இன்னாத்துக்கு கால்வாய்க்குள்ள போட்ட?" என்று ஒருத்தி கத்தினாள். ஹாலில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அந்த மத்தியானத்தில் அதுதான் கடைசிச் சிரிப்பு.

கொட்டைகள் விழ ஆரம்பித்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு. அடுத்த வீட்டுக்கு நாலு. நேற்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சாதித்தவர்கள்கூட, கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிறோமே என்று மறைத்தவர்கள்கூட, பக்கத்து வீட்டுக்காரி வைப்பதைப் பார்த்து மெல்லக் குனிந்து வைத்தார்கள். ரோஸி தன் மாமனாருக்கு ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அதை விரலால் அமுக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"தனம் வூட்டுக்கு யாரு வெக்கறது?"

"மாமி வெக்கட்டும். ரேஷ்மாவுக்கு மாமின்னா உசுரு."

முறத்தைக் காமுவின் பக்கம் நீட்டினார்கள். ஒரு கொட்டையை எடுத்துத் தனத்தின் வீட்டில் வைத்தாள். அது உருண்டு தெருவுக்கு ஓடியது. திரும்ப எடுத்து வைத்தாள். விரல் ஈரமாக இருந்ததால் கோலப்பொடி ஒட்டிக்கொண்டது.

மொத்தம் நாற்பத்தேழு.

பிளம்பர் ஆல்வின் வந்திருந்தான். ஏரிக்கரைத் தெருக்காரன்தான். அவன் நீலப் பொடியில் குடிநீர்க் குழாயை வரைந்தான். நாற்பத்தேழு கொட்டையும் அந்த நீலக் கோட்டின் இரண்டு பக்கமும் கிடந்தன. மூலைக்குக் கீழே எல்லாம். மூலைக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

"அவங்களுக்கெல்லாம் பில்டர் கீது," என்றாள் ஒருத்தி.

"பில்டர் அப்பால. தண்ணி எப்டி கெட்டுச்சுன்னு மொதல்ல பாரு," என்றான் ஆல்வின். "கால்வாய்க்கு அடீல போற ஜாயின்ட்டு ரொம்ப நாளா ஓட்ட. தண்ணி ஃபோர்ஸா வந்தா வெளிய கசியும், அவ்ளோதான். மேல யாருனா மோட்டாரு போட்டு இஸ்தான்னு வையி, பைப்புல ஃபோர்ஸ் இருக்காது. அப்ப கால்வாய்த் தண்ணிய பைப்பு உள்ள இஸ்துக்கும். ஓட்ட ஸ்ட்ரால எளநி குடிச்சா காத்து உள்ள வரும்ல, அந்த மாரி. மோட்டாரு நிந்தப்பறம் அது அத்தினியும் நம்ம கொயாய்க்கு வரும்."

எதைக் குடித்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு கிழவி வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள்.

"நகர்ல மோட்டாரு கீறது தெரிஞ்சதுதான். எல்லாம் சின்னச் சின்னது. ஒரு மாசமா யாரோ பெருசு வெச்சிகீறாங்க. அதும் கடேசில. தோ, இந்தாண்ட எங்கியோ." அவன் விரல் மூலை வீட்டின் மேல் நின்றது.

முப்பது தலையும் திரும்பின. சுப்ரஜா சட்டென்று எழுந்தாள்.

"ஆல்வின், அது எங்க வீடு. எங்க வீட்ல மோட்டாரே கிடையாது. எங்கப்பா அசோசியேஷன் செகரட்டரி, அவர் அந்த மாதிரி பண்ணவே மாட்டார். நான் சொல்றேன். என்னை நம்புங்க."

"பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் ரோஸி. "வேற எதுனா வூடா இருக்கும். பக்கத்துல பாரு ஆல்வினு."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் அப்படிச் சட்டென்று நம்பியதுதான் காமுவைக் கலக்கியது. இந்தப் பெண் இன்றைக்கு இத்தனை பேர் நடுவில் வாக்குக் கொடுத்துவிட்டாள். நாளைக்கு உண்மை தெரிந்தால் இவளை யார் நம்புவார்கள்? அதைவிட, இன்று நாலு மணிக்குத் தண்ணீர் வருமே, இத்தனை பேர் வீட்டுக் குழந்தையும் குடிக்குமே!

காமு குனிந்து முறத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்தாள். மூலை வீட்டின் மேல் வைத்தாள்.

"அம்மா, நம்ம வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லையே?"

"இது அதுக்கில்லை." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது. "எங்க வீட்டுத் துளசி மாடத்துக்குக் கீழே மோட்டார் இருக்கு. பெரிசு. போன மாசம் ஒன்பதாம் தேதி போட்டது. அங்க வெச்சா யாரும் பாக்க மாட்டான்னு சொன்னவ நான்தான்."

சுப்ரஜா அம்மாவைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

ரோஸி எழுந்தாள். கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து காமுவின் முன்னால் நின்றாள். காமு கண்ணை மூடிக்கொண்டாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தாள்.

"மணி இன்னா?" என்று ரோஸி கேட்டாள்.

"மூணு பத்து," என்றான் ஆல்வின்.

"நாலு மணிக்குத் தண்ணி வுடுவான். அயுறது, கேக்கறது எல்லாம் அப்பால வெச்சிக்கலாம்." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எத்தினி வூட்ல கீது மாமி மோட்டாரு? நெம்பரு சொல்லு."

காமு பதினாலு கதவு எண்களையும் வரிசையாகச் சொன்னாள்.

*

இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். சுப்ரஜா சொன்னது ஒன்றே ஒன்று. யாரையும் திட்ட வேண்டாம். நிறுத்துங்கள் என்று கேளுங்கள். நிறுத்திய வீட்டு வாசலிலேயே ஐந்து மணிக்குத் தண்ணீர் நிற்கும் வரை ஒருத்தர் நில்லுங்கள். ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் இழுத்துக்கொள்வார் என்ற பயம்தான் இத்தனை நாளும் நகரைப் பிடித்து வைத்திருந்தது. எல்லா வாசலிலும் ஆள் நின்றால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எட்டாம் நம்பர் தோத்தாத்ரி, "மோட்டாரா? எங்காத்துலயா?" என்று சிரித்தார். ரோஸி போனை நீட்டினாள். அதில் ஏசுபாதத்தின் படம், மாலை போட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஸ்விட்ச் அணையும் சத்தம் வாசல் வரை கேட்டது.

பதினோராம் நம்பரில் காமுவின் பத்து வருஷ சிநேகிதி. நிறுத்தினாள். ஆனால் காமுவின் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதின்மூன்று வீட்டு மோட்டார்களும் அணைந்திருந்தன. பதின்மூன்று வாசலிலும் ஒரு பெண் நின்றாள். ரோஸியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தனம்.

"இன்னும் ஒண்ணுக்குப் போவல ரோஸி. கிட்னி டாக்டர இட்டாராங்களாம். மாமிகிட்ட சொல்லு, சாமி கும்புடச் சொல்லு."

காமு காதில் அது விழுந்தது. கேட்டைத் திறந்துகொண்டு, கடைசிக்கென்று தள்ளிப்போட்ட தன் வீட்டு வாசலுக்கு ஓடினாள்.

கிரில் பூட்டியிருந்தது. வெளியிலிருந்து பெரிய பூட்டு; சாவி அவரிடம். வீட்டில்தான் இருப்பேன் என்றவரைக் காணோம். போன் போட்டாள், அடித்து அடித்து ஓய்ந்தது. மெயின் ஸ்விட்ச் கிரில்லுக்கு உள்ளே. துளசி மாடத்தின் இரும்புக் கதவிலும் பூட்டு.

பக்கத்து மனையில் கலவை மெஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. நானூறு அடிக்கு போர்வெல் போட்டும் அங்கே வெறும் புழுதிதான் வந்தது என்று நகர் முழுக்கப் பேச்சு. ஆனால் மதிலுக்கு மேலே தெரிந்த புதுச் சுவர்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அவசரத்தில் காமு அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

காலுக்கடியில் தரை அதிர்ந்தது.

மணி நாலு. மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆல்வின் கடப்பாரையோடு ஓடி வந்தான். ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமி, இது நீங்க சாமி கும்புட்ற எடம். நான் எப்டி மாமி? நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா எங்க ஜனத்தைத்தான் சொல்வாங்க."

ரோஸியும் பின்வாங்கினாள். எவனும் கை வைக்க மாட்டான் என்று காமு சொன்னது சரியாகத்தான் இருந்தது. சுப்ரஜா கையை நீட்டினாள். காமு அவளைத் தள்ளிவிட்டுக் கடப்பாரையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

கனத்தது. முதல் அடி மேல்பூச்சைத்தான் பெயர்த்தது.

"கதவாண்ட அடிக்காதீங்க, வயரு கீது! சைடுல, செங்கல்ல அடிங்க!"

இரண்டாவது அடி. மூன்றாவது. அம்மா, மன்னிச்சுடு, மன்னிச்சுடு என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். துளசியிடம் சொன்னாளா, தனத்திடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. ஐந்தாவது அடியில் ஒரு பக்கம் சரிந்தது. துளசிச் செடி வேரும் மண்ணுமாக அவள் காலடியில் விழுந்தது. ஆல்வின் பாய்ந்து பொந்துக்குள் கையை விட்டு, பிளக்கைப் பிடுங்கினான்.

அதிர்வு நின்றது.

ரோஸி தெருமுனைக்கு ஓடினாள். "யாரும் குடிக்காதீங்க! மொதல்ல வர்றத்த கீய வுடுங்க! நல்லா தெளியட்டும்!" என்று அவள் கத்துவது கேட்டது. வீட்டுக்கு வீடு அது திரும்பக் கத்தப்பட்டு, ஏரிக்கரைத் தெருவின் கடைசி வரை போயிற்று.

காமு கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. சுப்ரஜா பக்கத்தில் வந்து குந்தினாள். துப்பட்டாவால் அந்தக் கையைச் சுற்றினாள்.

"மாமி," என்றான் ஆல்வின். பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுலேந்து உங்க தொட்டிக்கு ஒரு பைப்பு போவுது. சரி. அந்த ரெண்டாவது பைப்பு இன்னா?"

"ரெண்டாவதா?"

"தோ. தடியா, புத்தம் புதுசு. மதிலுக்கு அடீல போவுது."

காமுவின் மடியில் போன் அடித்தது. தனமாக இருக்குமோ? தனமாக இருந்தால் என்ன செய்தி? திருப்பிப் பார்த்தாள். அனந்தகிருஷ்ணன்.

காதில் வைத்தாள். அவள் வாயைத் திறக்குமுன் அவர் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"காமு, மோட்டார் ஏன் நின்னுடுத்து?"

அவள் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கி மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

"காமு? கேக்கறதா? இங்க தண்ணி வரலை."

அவர் குரலுக்குப் பின்னால் போனில் ஒரு கரகர சத்தம் கேட்டது. காமு போனைக் காதிலிருந்து எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.